மேஸ்திரியை அலசிய தண்ணீர்

உயிரோடிருந்த ஓர் ஆளைத் தண்ணீர் அலசி, அவருக்குள் இருந்த கனத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விட்டது. தோலில் ஒரு கீறல் கிடையாது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். நடந்தது நடந்ததுதான்.

மணல் கழுவும் ஆலை அது. குழியிலிருந்து பம்பு உறிஞ்சும் மணல் தகர வாய்க்காலில் ஓடிப்போகும். அடியில் விரித்த ரப்பர் பாயில் கனமானது மட்டும் தங்கும். கருமணல், அதற்குள் பொன்தூள். மணல் காசு முதலாளியின் வயிற்றுக்கு, பொன்தூள் காசு தொப்பைக்கு என்பார்கள்.

பாயை அலசுகிறவள் ஒருத்தி. குழியில் உறிஞ்சுகுழாய் பிடிப்பவன் அவள் புருஷன். ஒரு நாள் இறங்கியவன் ஏறி வரவில்லை.

"கரை சரிஞ்சிருக்கு அண்ணே! பம்ப நிறுத்துங்க!"

"நிறுத்தினா பாயில மணல் இறுகிடும். மறுபடி ஓட்டினா பொன்னெல்லாம் அடிச்சிட்டுப் போயிடும். போம்மா," என்றார் மேஸ்திரி.

சாயங்காலம் அவரே ஊரைக் கூட்டிச் சொன்னார்: "எவளோடயோ ஓடிட்டான். இவ அலசுற அலசல்ல எவன் நிப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் பட்டப்பகல். பாய் அலசப் பம்பை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. சளக்... சளக்... பாயில் ஒரு மோதிரம்.

"என்னோடதாச்சே! காலையில விரல்லதான இருந்துச்சு?" மேஸ்திரி பிடுங்கிக்கொண்டார்.

அதற்கடுத்த நாள். பம்பு ஓடவில்லை. சளக்... ஒரு தங்கப் பல்.

"பேயாவது பிசாசாவது!" மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வாயில் ஓட்டை. நாக்கு அதைத் தேடித் தடவியது.

மூன்றாம் நாள் அவரே வந்து நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

சளக்...

சளக்...

டங்!

ஒரு ஸ்டீல் பிளேட். ஆறு ஸ்க்ரூ.

எப்போதோ லாரி ஏறி நொறுங்கிய மேஸ்திரியின் காலுக்கு டாக்டர் வைத்தது.

கால் மடங்கியது... முட்டி இல்லாத இடத்தில்.

அவர் போட்ட அலறலில் ஏழு ஊர் நாய்கள் வாலைச் சுருட்டின. அவள் மட்டும் பிளேட்டை நிதானமாக அலசி நீட்டினாள்.

"உங்களோடதுதான அண்ணே?"

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டருக்கு வியர்த்தது. எலும்பில் ஆறு துளைகள். பிளேட் இல்லை. மேலே பழைய தழும்பு, தையல் பிரியாமல்.

"யாருய்யா எடுத்தது?"

கட்டிலுக்கு அடியில்... சளக்.

பிளேட்டோடு கூடவே வந்திருந்த அவள் கையை மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

"மண்ணுக்கு மேல அவன் கை தெரிஞ்சுது. ஆட்டினான்... பாத்துட்டுத்தான் பம்ப நிறுத்தல. நடந்துச்சும்மா. எல்லாமே நடந்துச்சு."