ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

நிதானத்துக்கு ஆணி அடிக்கத் தெரியாது என்பது தெருவறிந்த விஷயம். நிதானம் என்பது பஸ் டிப்போவில் சக டிரைவர்கள் வைத்த பெயர். ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. சாலையில் ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனிதர், வீட்டுக்குள் ஸ்பானரைத் தொட்டால் மட்டும் ஏதாவது ஒன்று கழன்று கையோடு வரும். மகளுக்குக் கல்யாணமான புதிதில், கூடத்தில் படம் மாட்டுகிறேன் பேர்வழி என்று சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயில் ஓட்டை போட்டுவிட்டார். மனைவியும் மகளும் சோபாமேல் ஏறி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, புது மாப்பிள்ளை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போய் மெயின் வால்வை மூடினார். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கருவிப்பெட்டி இல்லாமல் சொந்தக்காரர் வீட்டுக்குக்கூடப் போகாதவர்.

"அப்பா, இனிமே நீங்க எதுக்கும் பக்கத்துல போகாதீங்க. வேடிக்கை மட்டும் பாருங்க," என்றாள் மகள்.

அன்று தொடங்கிய ஏற்பாடு அது. ஞாயிறு காலையில் இருவரும் காரில் வந்து இறங்குவார்கள். மாப்பிள்ளை வேலியைச் சரிசெய்வார், செடிகளை வெட்டிவிடுவார். மகள் பின்வாசல் படியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவாள். நிதானம் வேடிக்கை பார்ப்பார். சாயங்காலம் நால்வருமாக ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கிளம்புவார்கள். மகள் குள்ளம். கால் எட்டவில்லை, ஏரி தெரியவில்லை என்று சொல்லி முன்சீட்டைக் கடைசிவரை முன்னால் இழுத்துவைத்துக்கொள்வாள்.

"இன்னும் கொஞ்சம் இழுத்தா என்ஜின்மேலயே உக்காந்துக்கலாம்," என்பார் மாப்பிள்ளை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. குழந்தையும் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளை கருவிப்பெட்டியோடு இறங்கினார். "வேலி பாதியில நிக்குது மாமா," என்றார். அடுத்த ஞாயிறும் வந்தார். வரச் சொன்னவரும் இல்லை, வேண்டாம் என்று சொன்னவரும் இல்லை. மகள் போன பின் ஒருவர் எப்படி மாப்பிள்ளையாக இருக்கிறார் என்று நிதானம் யோசித்துப் பார்த்ததுண்டு. தாங்கிக்கொண்டிருந்தது போய்விட்டது, உறவின் பெயர் மட்டும் விழாமல் நின்றது. எதன்மேல் நிற்கிறது என்று குனிந்து பார்க்க அவருக்குப் பயம்.

ஏரிக்கும் போனார்கள். மாப்பிள்ளை ஓட்ட, மாமனாரும் மாமியாரும் பின்னால் உட்கார்ந்தார்கள். முன்சீட்டு காலியாகவே வந்தது. ஒருநாள் பூங்கா வாசலில் காவலாளி, "டாக்சி எல்லாம் அந்தப் பக்கம்," என்று கையைக் காட்டினான். மாப்பிள்ளை மறுவார்த்தை பேசாமல் அந்தப் பக்கமே கொண்டுபோய் நிறுத்தினார். அதன் பின் எப்போதும் அங்கேதான்.

ஆனால் ஒரு சின்ன வீட்டில் எவ்வளவு வேலைதான் இருந்துவிடும்? வேலி முடிந்தது. கூரைத் தகரத்தில் ஒழுகல் அடைத்தாயிற்று. ஒரு ஞாயிறு மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார், செய்ய ஒன்றுமில்லை. இனி எதற்காக வருவார் என்று நிதானத்துக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை அவர் தோட்டத்துக் கதவின் கீல் ஒன்றைத் தளர்த்திவைத்தார். அப்போதுதான் கவனித்தார். ஸ்பானர் நழுவவில்லை. இத்தனை வருஷம் பார்த்த வேடிக்கை, கேட்காமலே கைக்குள் இறங்கியிருந்தது. உடைத்தது போலத் தெரியாமல் உடைக்க, சரிசெய்வதைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இப்படிச் சில மாதம் ஓடியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோட்டக் குழாயருகே முட்டி போட்டிருந்தபோது பின்னால் மனைவியின் நிழல் விழுந்தது.

"காலையில நல்லாத்தானே இருந்துச்சு அந்தக் குழாய்?"

"பழசாயிடுச்சு."

"எது, குழாயா?"

அவர் திரும்பவில்லை. அவள் உள்ளே போகவும் இல்லை.

"மாப்பிள்ளையோட அக்கா போன் பண்ணினாங்க. அவருக்குப் பொண்ணு பார்த்திருக்காங்களாம். மருந்துக்கடையில வேலை பார்க்குற பொண்ணு. புருஷன் இல்லையாம்."

ஸ்பானர் அப்படியே நின்றது.

"என்ன சொன்னாராம்?"

"ஒண்ணும் சொல்லலையாம். மாமா அத்தைகிட்ட கேக்காம சொல்ல மாட்டேன்னுட்டாராம். ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான் இங்க வர்றாராம். வந்தா கதவு ஆடுது, குழாய் ஒழுகுது. வேலை முடியறதுக்குள்ள பொழுது போயிடுதாம்."

"அவர் வாயைத் திறக்காததுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க அவரு வாயைத்தான் இத்தனை நாளா அடைச்சுகிட்டிருக்கீங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு மட்டும் அவர் வராம இருக்கணும்னு ஆசையா? அவர் செருப்புச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அது ஞாயித்துக்கிழமை."

மறுநாள் கார் வழக்கமான நேரத்துக்கு வந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்ததும் முகத்தில் ஏதோ ஒன்று தணிந்தது; சொல்ல வேண்டியதை இன்னொரு வாரம் தள்ளிப்போடலாம் என்ற நிம்மதி. நிதானத்துக்கு அந்த முகம் புரிந்தது. தன் முகமும் இத்தனை நாள் அப்படித்தான் இருந்திருக்கும்.

மாப்பிள்ளை பெட்டியைத் திறக்கக் குனிந்தார்.

"இருங்க மாப்ளே. நீங்க அந்தப் படியில உக்காருங்க."

"மாமா, விடுங்க. தண்ணி பீச்சி அடிக்கும்."

நிதானம் வால்வை மூடினார். குழாயைக் கழற்றினார். மரையில் ஒட்டியிருந்த பழைய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புதுசை மரை ஓடும் திசையிலேயே இழுத்துப் பிடித்துச் சுற்றினார். மாப்பிள்ளை எழுந்து ஓரடி வைத்தார்.

"நீங்க பக்கத்துல போகாதீங்க. வேடிக்கை மட்டும் பாருங்க," என்றாள் மாமியார்.

சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை அது என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை படியில் உட்கார்ந்துவிட்டார். அது மகள் உட்காரும் படி.

நிதானம் வால்வைத் திறந்தார். ஒரு சொட்டு இல்லை.

"எப்போலேர்ந்து மாமா?"

"கொஞ்ச நாளாவே."

"அப்போ... தோட்டக் கதவு?"

"நான்தான்."

"கூரைத் தகரம்?"

"ஐயோ, அது நிஜமாவே ஒழுகுச்சு. அதுல எனக்குச் சம்பந்தமில்ல."

மாப்பிள்ளை சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டார். நிதானம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி நின்றார். தோளைத் தொடலாமா என்று யோசித்து, ஸ்பானரை எடுத்துப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார்.

சாயங்காலம் ஏரிக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை வழக்கம்போலப் பின்கதவைத் திறந்துவிட்டார். மாமியார் ஏறிக்கொண்டாள். நிதானம் சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் திறந்தார்.

உட்கார்ந்ததும் முட்டி இரண்டும் முன்னால் இடித்தன. சீட்டு மகள் இழுத்துவைத்த இடத்திலேயே இருந்தது. இத்தனை நாளாக யாரும் அதை நகர்த்தவில்லை. அவள் அளவுக்கு விட்டிருந்த அந்தக் கொஞ்ச இடத்தில் அவர் கால்களைச் சாய்த்து மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"லிவர் கீழ இருக்கு மாமா," என்றார் மாப்பிள்ளை, சாலையைப் பார்த்துக்கொண்டே.

ஆயுள் முழுக்க வண்டி ஓட்டியவருக்கு லிவர் எங்கே இருக்கும் என்று தெரியாதா? கையை வைத்துக்கொண்டு வெகுதூரம் சும்மா வந்தார். பஸ் நிலையம் போனது. மருந்துக்கடை ஒன்று போனது. ஏரிக்குத் திரும்பும் வளைவு வந்தபோது லிவரைத் தூக்கினார். சீட்டு துருவேறிய சத்தத்தோடு பின்னால் நகர்ந்தது. பின்னால் மனைவி காலை இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு உயரமா, மாப்ளே?"

கார் வேகம் குறைந்தது.

"உயரம்தான் மாமா."

"அப்போ இது இப்படியே இருக்கட்டும்," என்றார் நிதானம். கண்ணாடிக்கு வெளியே ஏரி தெரிய ஆரம்பித்திருந்தது. பின்சீட்டிலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.