எந்தக் கூச்சம்?

கஸ்தூரியைச் சிரிக்கவைக்க வேடிக்கையாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இடுப்புப் பக்கம் ஒரு விரலைக் கொண்டுபோனால் போதும். தொடக்கூட வேண்டாம், தொடப்போகிறேன் என்று சொன்னாலே சுருண்டு விழுவாள். கண் தெரியாதவளுக்கு விரல் வருவது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எனக்கும்தான் கண் தெரியாது. என் பக்கம் யார் விரல் வந்தாலும் எனக்குத் தெரியும். ஆனால் நான் அவளைப்போல ஊரைக் கூட்டுவதில்லை.

அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி. சின்ன வயதில் அம்மை வார்த்துப் பார்வை போனது. அம்மா இல்லாததால் அத்தை சந்திரம்மாள்தான் வளர்த்தாள். வீட்டில் கஸ்தூரிக்கு இருந்த ஒரே வேலை மல்லாட்டை உரிப்பது. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். காலையில் ஒரு குவியலுக்கு முன்னால் உட்காரவைத்தால் பொழுது சாய்ந்துதான் கையைப் பிடித்து எழுப்புவார்கள். அதுதான் ஆயுசுக்கும் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டியிருந்த நேரத்தில், எழுபத்தெட்டாம் வருஷம், திருவண்ணாமலையில் பார்வையில்லாத பெண்களுக்கு மசாஜ் பயிற்சி தருகிறார்கள், முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை என்று சேதி வந்தது. அன்றிலிருந்து கஸ்தூரி மல்லாட்டையைத் தொடவில்லை. சோறும் தின்னவில்லை. அத்தைதான் இறங்கிவந்தாள்.

இறங்கிவந்தவள் சும்மா வரவில்லை. ஊரார் உடம்பைப் பிடித்துவிடுகிற வேலையாயிற்றே, வெட்கப்படுகிற பெண்ணை எடுப்பார்களா? பஸ் ஏறியதிலிருந்து பாடம் நடத்தினாளாம்.

"கூச்சம் இருக்கான்னு கேப்பாங்க. கூச்சமே கிடையாதுன்னு அடிச்சு சொல்லு. நீ பாட்டுக்கு இளிச்சுவச்சினா, அப்படியே மல்லாட்டைக்கே திரும்பிடலாம்."

திருவூடல் தெருவில் ஒரு மாடிவீட்டில் சோதனை. பெஞ்சில் வரிசையாக நாங்கள். முதலில் உண்ணாமலை, அடுத்து கஸ்தூரி, அப்புறம் நான். வேலூரிலிருந்து வந்திருந்த ராணியம்மாள் மேடம் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தி கையாகப் பார்த்தார். குச்சி முனையில் குதிரைமயிர் கட்டியிருக்கும். அதால் விரல்நுனியைத் தொடுவார். மெல்லிய மயிரில் ஆரம்பித்து, உணராவிட்டால் அதைவிடத் தடித்த மயிர், அதைவிடத் தடித்தது என்று போகும். மெல்லிய மயிரே உறைத்துவிட்டால் விரல் நல்ல விரல்.

உண்ணாமலையிடம் மேடம், "தெரியுதா?" என்று கேட்டார்.

"பொறந்ததிலேர்ந்தே தெரியாதுங்க" என்றாள் உண்ணாமலை பாவமாக.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மேடத்துக்குச் சங்கடமாகப் போயிருக்க வேண்டும். பார்வையில்லாத பிள்ளைகளிடம் இனி அந்த வார்த்தையே வேண்டாம் என்று கேள்வியை மாற்றிவிட்டார். அங்கேதான் சனியன் பிடித்தது.

கஸ்தூரியின் விரலில் மயிரை வைத்து, "கூச்சம் இருக்கா?" என்றார்.

"இல்லைங்க."

பெஞ்சு லேசாக ஆடியது. மேடம் அடுத்த மயிரை எடுத்தார். துளிகூட இல்லை என்றாள். பெஞ்சு இன்னும் ஜாஸ்தியாக ஆடியது. தாவணி முனையைக் கடித்துக்கொண்டு இவள் எதையோ அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, எதை என்றுதான் தெரியவில்லை. கடைசியில் மேடம் குண்டூசியை வைத்து அழுத்தினார். அதற்கும் கஸ்தூரி, கூச்சம் இல்லவே இல்லை என்று சாதித்தாள்.

மேடம் குண்டூசியைக் கீழே வைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கை மரத்துப்போனால் ஒரே ஒரு வியாதிதான், வந்தவரை ஊரே ஒதுக்கிவைக்கும் வியாதி. அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மேடம் அவள் முழங்கையைத் தடவி நரம்பை அழுத்திப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அப்புறம் பேசிய குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அந்த மெதுவான குரல்தான் என்னைப் பயமுறுத்தியது.

"நீ மொதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் கையக் காட்டணும்மா. பயிற்சியப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

பெஞ்சு ஆட்டம் நின்றுவிட்டது. கஸ்தூரியின் குரல் உடைந்தது. "கூச்சம் இல்லைன்னாதானேங்க எடுப்பீங்க? எனக்குத்தான் இல்லையே."

எங்கள் வீட்டில் உருது பேசுவோம். வெட்கம் என்றால் ஷரம். உடம்பில் விரல் பட்டுச் சிரிப்பு வந்தால் குத்குதி. அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்தத் தமிழில்தான் இரண்டையும் ஒரே பானையில் போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது.

"மேடம், நீங்க எந்தக் கூச்சத்தக் கேக்குறீங்க?" என்றேன். பதிலுக்குக்கூடக் காத்திராமல் கஸ்தூரியின் இடுப்பில் ஒரு குத்து குத்தினேன்.

அவள் எகிறிய வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. மூன்று பேரும் தரையில். தண்ணீர்க்குடம் உருண்டது. பூமிதான் அதிர்கிறது என்று உண்ணாமலை அண்ணாமலையாரைக் கூப்பிட்டாள். அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் மடை உடைந்து கஸ்தூரி கெக்கெக்கெ என்று புரள, அத்தை வெளியிலிருந்து ஓடிவந்து, சிரித்துவிட்டாளே, காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிரிப்பு கேட்டது. அது மேடத்துடையது.

மறுபடி சோதனை. மெல்லிய மயிர் பட்டும் படாமலும் இருக்கும்போதே, "இருக்கு, இருக்குங்க, ஐயோ எடுங்க" என்று கத்தினாள். மேடத்துக்கு இப்போது வேறு கவலை. பயிற்சியில் ஒருத்தி படுக்க இன்னொருத்தி பழக வேண்டும். இவள் படுத்தால் பாடம் நடக்குமா?

"அடுத்தவங்க தொட்டாதான் மேடம் கூசும். நான் தொட்டா எனக்குக் கூசாது" என்றாள் கஸ்தூரி.

தொடு பார்க்கலாம் என்று மேடம் கையை நீட்டினார். கஸ்தூரி உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து இழுத்தாள், அவ்வளவுதான். மேடம் கையைப் பறித்துக்கொண்டு சின்னப் பெண்ணைப்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு கஸ்தூரிக்கு இடம் கிடைத்தது. அவள் படுக்கையில் படுத்த நாட்களில் பாடம் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சி முடிந்து கஸ்தூரிக்கும் எனக்கும் ஒரே ஆஸ்பத்திரியில், பெண்கள் பகுதியில் வேலை. பௌர்ணமிக்கு மறுநாள் மலைசுற்றி வந்த கால்களெல்லாம் எங்களிடம் வரும். எந்தப் பெண் படுத்தாலும் கஸ்தூரி, "கூச்சம் இருக்காம்மா?" என்பாள். உடனே, "வெக்கத்தக் கேக்கல, கூசுறதக் கேக்குறேன்" என்பாள். பட்டறிவு.

எண்பத்தைந்தில் சந்திரம்மாள் அத்தையைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் குழறியது. கஸ்தூரி தினமும் காலையில் அந்த வலது காலைப் பிடித்துவிட்டு, கடைசியில் உள்ளங்காலில் விரலை ஓட்டி, "அத்தே, கூச்சம் இருக்கா?" என்று கேட்பாள். அத்தை ம்ஹும் என்பாள். மாசக்கணக்கில் இதே கேள்வி, இதே ம்ஹும். பக்கத்துக் கட்டிலில் வேலை பார்த்துக்கொண்டே கேட்கும் எனக்கே, இவள் விட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது.

ஒருநாள் காலை அந்தக் கால் வெடுக்கென்று உதறி, கஸ்தூரியின் தாடையில் பட்டது.

"கூ... கூசுதுடி. உடுடி."

கஸ்தூரி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "எந்தக் கூச்சம் அத்தே?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி விரலை ஓட்டினாள். அத்தை குழறிக் குழறித் திட்டினாள். இவள் காலை விட்டால்தானே.