குப்பனுக்கு நான் எழுதிய பேர்

போன வாரம் எதிர்வீட்டுப் பையன் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து, என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பையன் என்று நான்தான் சொல்கிறேன். அவனுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. "தாத்தா, ஒங்க காலத்துப் பேரா நாலு சொல்லுங்க. இப்ப பழைய பேரு வெக்கறதுதான் ஸ்டைலு" என்றான். நானும் யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, குப்பன், தவிட்டான், பிச்சை, மண்ணாங்கட்டி என்று சொல்லிக்கொண்டே போனேன். எழுதப் போனவன் பேனாவை மூடிவிட்டான். "இன்னா தாத்தா, கிண்டலா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அவன் எதிர்பார்த்து வந்தது ராஜாக்களின் பேர். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அவன் போன பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அறுபது வருடம் ஆகப்போகிறது, குப்பன் என்ற பேரை எடுத்தாலே இன்னும் அப்படித்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் இருந்த நாள் அது. பாகூர்ப் பக்கம் ஒரு மேரியில் எனக்கு எழுத்தர் வேலை. கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்துக்கு எங்கள் பக்கம் மேரி என்றுதான் பேர். எந்த ஊர் மேரி என்று சொல்லமாட்டேன். நான் செய்த கூத்துக்கு அந்த இடத்தை ஏன் இழுக்கவேண்டும். பிறப்பு, கல்யாணம், சாவு என்று மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. திறந்தால் தோல் அட்டையும் மையும் கலந்து ஒரு வாசனை வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பிள்ளை பிறந்தால் மூன்று நாளுக்குள் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு வரவேண்டும். அவன் சொல்வதை நான் பிரெஞ்சில் எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டவேண்டும், சட்டம் அப்படி. ஏர் பிடித்த கையோடு வந்து நிற்கிற மனுஷனுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. கைகட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் தலையாட்டி ரேகை வைத்துவிட்டுப் போவான். எனக்கு அப்போது இருபது வயது. தலைக்கனம் ஏற வேறென்ன வேண்டும்?

தலைக்கனத்துக்குள் ஒரு புண்ணும் இருந்தது. என் பேரும் நான் எதிர்வீட்டுப் பையனிடம் சொன்ன ரகம்தான். எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தக்கவில்லை என்று எங்கள் அம்மா வைத்த பேர். பேர் அசிங்கமாக இருந்தால் எமன் சீந்தமாட்டான் என்பது கணக்கு. எமன் சீந்தவில்லைதான். ஆனால் புதுச்சேரிக்குப் படிக்கப் போனபோது வகுப்பில் என் பேரைக் கூப்பிடும் ஒவ்வொரு காலையும் சிரிப்பு எழும். 'உள்ளேன்' என்று சொல்வதற்குள் எனக்குக் காது சிவந்துவிடும். அந்தச் சிரிப்பு மேரி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் என்னை விடவில்லை.

எங்கள் அக்காவை ஏரிக்கரை ஊரில் கொடுத்திருந்தது. முதல் இரண்டும் ஆண் பிள்ளைகள், இரண்டும் வருடம் திரும்புவதற்குள் போய்விட்டன. இரண்டாவதன் பிறப்பை எழுதியதும் நான்தான், அடுத்த வருடம் அதன் சாவை எழுதியதும் நான்தான். அன்றைக்கு எழுத்து கோணிப்போனது. மூன்றாவதும் ஆண். இந்த முறை அக்கா யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைக்கச் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரி அதை எடுத்துக்கொள்ள, அவளிடம் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பேர் குப்பன். அதன்பிறகு அது அவள் பெற்ற பிள்ளை இல்லை, குப்பையில் கிடைத்தது. பார்க்க வருகிறவர்கள் யாரும் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடாது.

மாமா, அக்கா புருஷன், இரண்டு சாட்சிகளோடு மேரிக்கு வந்தார். பேர் கேட்டபோது அவருக்கே கூச்சம். "அவ இன்னாமோ சொல்றா. குப்பன்னு எழுதிக்க மச்சான்" என்றார். நான் பேனாவை மையில் தோய்த்தேன். இந்தப் பிள்ளையும் ஒருநாள் வகுப்பில் காது சிவந்து நிற்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான். நானே ஒரு பேரைப் போட்டேன். நல்ல பேர், கம்பீரமான பேர். பிரெஞ்சில் மளமளவென்று படித்தேன். மாமா தலையாட்டி ரேகை வைத்தார். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி அன்றைக்கு விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், மடையன்.

நாலு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு அம்மை குத்துகிறவர் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது அவர் வேலை. எந்த ஊரில் எந்தப் பிள்ளை என்ற பட்டியலை எங்கள் மேரியிலிருந்துதான் எடுத்துப் போவார். பட்டியலை எழுதியதே நான்தான், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. திரௌபதை அம்மன் கோவில் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேராகக் கூவிக் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பேரை நாலைந்து தரம் கூவியும் யாரும் வரவில்லை. தகப்பன் பேரைச் சொன்ன பிறகுதான் கூட்டமே அக்காவைத் திரும்பிப் பார்த்தது. இடுப்பில் குப்பனோடு அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

குத்தின இடம் பழுத்துக் காய்ச்சல் வந்தது. குத்தினால் வரும், நாலு நாளில் விடும் என்று அவரே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். நானும் ஓடிப்போய் அதையே சொன்னேன்.

"சூடு வரும்னு எனக்கும் தெரியும்டா" என்றாள் அக்கா. "ஊரறியக் கோயில் வாசல்ல பேரு சொல்லிக் கூப்ட்டாச்சே. இனிமே குப்பைன்னு சொன்னா எந்த எமன் நம்புவான்?"

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒன்ன மட்டும் எதுடா காப்பாத்துச்சி? அந்தப் பேருதான? அதுல வெக்கம் வந்துடுச்சா ஒனக்கு?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "போயி அத அடிச்சிட்டு வா தம்பி. ஒனக்குப் புண்ணியமா போவும்."

அடிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, நீதிபதி கையெழுத்து வைத்த பதிவேடு. இன்னொரு பிரதி கோர்ட்டுக்குப் போய்விடும். ஒரு எழுத்தைச் சுரண்டினால் வேலை போவதோடு நிற்காது. மூன்றாம் நாளும் சூடு விடவில்லை, பிள்ளை பால் குடிக்க மறுத்தது. மேரியில் உட்கார்ந்தால் கை தானாகச் சாவுப் பதிவேட்டின் பக்கம் போகும். கடைசியாக எழுதியிருந்ததற்குக் கீழே பக்கம் காலியாக இருந்தது. அடுத்து அங்கே என் கை எதை எழுதப்போகிறதோ என்று பதிவேட்டை மூடி வைப்பேன். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் மாமா வந்துவிட்டாரோ என்று பார்ப்பேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. படித்தவன், எமனுக்குப் பிரெஞ்சு தெரியுமா என்று சிநேகிதர்களிடம் கேலி பேசியவன். அந்த மூன்று நாளில் நான் பட்ட பயத்தை எந்த நம்பிக்கைக்காரனும் பட்டிருக்கமாட்டான்.

அன்று சாயங்காலம் அலுவலகத் தாள் ஒன்றை எடுத்து, அந்தப் பேரைப் பிரெஞ்சு எழுத்தில் பெரிதாக எழுதி, முத்திரை குத்தி, மடியில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையோடு ஓடினேன். "அந்தப் பக்கத்தையே கிழிச்சிக்கினு வந்துட்டங்கா" என்று அக்காவிடம் நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வேல போயிடாதாடா?"

"போனா போவுது."

எடுத்து அடுப்பில் போட்டாள். எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் சூடு இறங்கியது. நாலாம் நாள் இறங்கும் என்று அம்மை குத்தினவர் சொன்னபடிதான் இறங்கியது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? தம்பி வேலையைப் பணயம் வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றினான் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அதன்பிறகு எப்போது போனாலும் மீன் குழம்பில் நடுத்துண்டு என் இலைக்குத்தான் வரும். வெட்கத்தில் தொண்டையில் இறங்காது. அவளோ, முள்ளுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு முள்ளெடுத்து வைப்பாள்.

குப்பனுக்குப் பதினெட்டு வயதில் வேலைக்காகப் பிறப்புச் சான்று தேவைப்பட்டது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், வேறு வழியில்லை. படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப அம்மா எரிச்சது இன்னா மாமா?"

"வெறுங் காயிதம்டா."

சான்றை மடித்து மடித்துப் பிரித்தான். "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். தெரியாமலே வைத்துக்கொண்டான். வேலையிடத்தில் அந்தப் பேர், வீட்டில் குப்பன். கல்யாணப் பத்திரிகையில்கூடக் குப்பன்தான். வந்திருந்த சிநேகிதர்கள் கல்யாண வீட்டை மாற்றிவிட்டோமோ என்று வாசலிலேயே தயங்கி நின்றார்கள்.

அக்கா போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, மொட்டைத் தலையோடு குப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஐம்பது தாண்டியவன், பேரப்பிள்ளை எடுத்தவன்.

"மாமா, இனிமே இன்னா. அந்தப் பேரச் சொல்லி ஒரு தபா கூப்புடு. வூட்ல யாரும் என்ன அப்பிடிக் கூப்ட்டதே இல்ல."

வாயைத் திறந்தேன். நான் வைத்த பேர்தான். என் நாக்கு எழவில்லை. அவனுக்குச் சர்க்கரை வேறு இருந்தது, காலையிலிருந்து பட்டினி, முகம் வாடிக் கிடந்தது. "மொதல்ல சாப்புட வா, குப்பா" என்றேன். அவன் எழுந்து என் பின்னால் வந்தான். பிறகு அவன் கேட்கவே இல்லை.

மாமா போனார், அக்கா போனாள், முறத்தில் பிள்ளையை ஏந்தின பக்கத்து வீட்டுக்காரியும் போய்விட்டாள். இப்போது எங்கள் பக்கம் எந்தப் பிள்ளையையும் யாரும் குப்பையில் வைத்து எடுப்பதில்லை. அதற்கு அவசியமும் இல்லாமல் போனது, நல்லதுதான். அந்தப் பேரைச் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்று பயப்பட இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் மிச்சம். அப்படி என்னதான் பேர் வைத்தாய், இவ்வளவு எழுதியும் சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் நன்றாக இருக்கட்டும். கேட்காதீர்கள்.