முழங்கையை நீட்டவைத்த டிரில் மாஸ்டர்

“அசையும் மூட்டுன்னு பாடம் நடத்துறீங்க. உங்க மூட்டை மட்டும் ஏன் சார் கட்டிப் போட்டிருக்கீங்க?”

1958-இல், ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் டிரில் மாஸ்டர் சுலைமான் பாய், அறிவியல் வாத்தியாரான என்னிடம் கேட்டது இது. போன வெள்ளிக்கிழமை அவர் காலமானார் என்று அவர் மகள் பேகம்பூரிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, அந்தக் குரல்தான் காதில் கேட்டது. அவரிடம் படித்தவர்களுக்கு அவருடைய விசில் ஞாபகம் இருக்கும். எனக்கு அவருடைய பொறுமை.

தாடிக்கொம்பு சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்து என் வலது முழங்கை முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி அசைக்கலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரமாகியும், வலிக்குப் பயந்து துண்டில் கையைத் தொங்கவிட்டே திரிந்தேன். மடங்கிய மேனிக்கே கை இறுகிப்போனது. கரும்பலகையின் கீழ்ப்பாதிக்கு மேல் எட்டவில்லை. என்னுடையது தற்காலிக வேலை. காலாண்டுப் பரீட்சைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் போடவேண்டிவரும் என்று தலைமையாசிரியர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

எண்ணெய் தடவி இழுத்துவிட வீட்டில் ஓர் ஆளுக்குச் சொல்லியிருந்தார்கள். விஷயம் தெரிந்து பாய் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“தங்கச்சி, கதவு தொறக்கலேன்னா கீலைப் பேத்தா எடுப்பீக? யாரும் இழுக்க வேணாம். அவுகளே கொஞ்சங் கொஞ்சமா நீட்டட்டும்.”

“அவுக சோறே இடது கையில ஸ்பூன் போட்டுத்தாண்ணே சாப்பிடுறாக” என்றாள் என் மனைவி.

“அப்ப முதல்ல ஸ்பூனை ஒளிச்சு வையி.”

மறுநாள் முதல், பள்ளி மணிக்கு முன்பே என்னைக் கரும்பலகை முன் நிறுத்தினார். தோள் பந்துக்கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கை கீல் மூட்டு, மடங்கும், நீளும், அவ்வளவுதான். பாடத்தில் நான் சொல்வதுதான். ஆனால் முழங்கைக்குப் பதில் தோளைத் தூக்கி உயரம் காட்டப் பார்ப்பேன். அவர் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். “இவன் வேலையை அவன் பாக்கக்கூடாது.” விரல் எட்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவார். சில நாள் கோடு ஏறவே ஏறாது. “நேத்தைக்கு இருந்ததுல எறங்கலேல்ல, அம்புட்டுப் போதும்.”

பரீட்சைக்கு நாலு நாள் முன்பு, பலகையின் உச்சியில் தேதி எழுதினேன். தள்ளி நின்று பார்த்தார். “உங்க கையெழுத்து முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சா சார்?”

வேலை நிலைத்தது. கை முழுதாக நீளவில்லை, சற்றே வளைவு இன்றும் உண்டு. அதன் பிறகு நான் மூட்டுகளின் பெயரை முதலில் சொன்னதில்லை. பிள்ளைகளை அசைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பெயர் சொல்வேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்.

இதை வாசிக்கும் நீங்களும் முழங்கையை மேசைமேல் ஊன்றி, அது நகராமல் உள்ளங்கை ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் பார்க்கும்படி மெல்லத் திருப்பிப் பாருங்கள். அங்கே, முழங்கையை ஒட்டி, ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் திரும்புகிறதே, அது முளை மூட்டு.