நண்டுக் குழம்பும் ஒரு கிணறும்

போன ஞாயிறு காலை. பேப்பரைப் பிரித்தால் உள்ளேயிருந்து வழுவழுப்பாக ஒரு கலர் நோட்டீஸ் விழுகிறது. திருவாதவூர்ப் பக்கம் புது பிளாட். மாட்டுத்தாவணியிலிருந்து இலவச வேன். மதியம், ‘இந்த மண்ணை உழுதவர்கள் தலைமுறை தலைமுறையாக இதே கிணற்றடியில் சமைத்த வயல் நண்டுக் குழம்பு விருந்து’!

எனக்கு வந்த கோபத்தில் காபி ஆறிப்போனது.

ஏனென்றால் அந்தக் குழம்பை ஊருக்குச் சொன்னதே நான்தான். இதே பத்தியில், சில வாரங்களுக்கு முன்பு. படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்குமே... கோரிப்பாளையத்தில் பேங்க் வேலை பார்க்கும் செல்வி. வெள்ளைக்காரன் காலத்தில் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலம், அவளுடைய பூட்டன் பேரிலும் கொஞ்சம் இருந்தது. வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. விற்காமலே கைமாறிவிட்டது. எப்படி? அதைத்தான் செல்வி ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆவணக் காப்பகத்துக்கு அவளோடு நானும் அலைந்தேன். இன்று லீவு, நாளை வா, அந்தக் கட்டு பைண்டிங்குக்குப் போயிருக்கிறது... கடைசியில் பழைய பதிவேட்டில் பூட்டன் பெயர் கிடைத்தது. நிலத்தில் ஒரு கிணறு உண்டு என்றும் இருந்தது. இப்போது அங்கே பிளாட் போட்டு விற்கும் பிளாட்காரரோ, அது வேறு நிலம், இது காலம் காலமாகப் பொட்டல், இங்கே கிணறே கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சர்வே எண்கள் மாறிப்போனதால் செல்வியின் மனுவை விசாரிக்கும் அதிகாரியும் தலையைச் சொறிந்தார்.

அந்த எரிச்சலில்தான் எழுதினேன். அறுப்பு முடிந்த அன்று கிணற்றடியில் புது அரிசிச் சோறும் நண்டுக் குழம்பும் ஆக்கி, முதல் கைப்பிடியைக் கிணற்றுக்குள் போட்ட பிறகே செல்வியின் குடும்பத்தார் சாப்பிடுவார்களாம். அதையும் சேர்த்தேன்.

வந்த கடிதங்களைப் பார்க்க வேண்டுமே! நண்டை எப்படிக் கழுவுவது? தேங்காய் அரைத்து ஊற்றலாமா? ஒரு சைவ வாசகி, நண்டுக்குப் பதில் காளான் போடலாமா என்று கேட்டிருந்தார். நிலம் என்ன ஆச்சு என்று ஒருவர்... ஒரே ஒருவர் கேட்டிருக்கக் கூடாதா? நமக்கு வரலாறு என்றால் நாக்கோடு சரி.

இப்போது பிளாட்காரரும் என் வாசகர் என்று தெரிந்துவிட்டது. செல்விக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினேன். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக ஒன்றைத்தான் கேட்டாள்.

“அண்ணே, நோட்டீஸ்ல கிணத்து போட்டோ இருக்கா?”

இருந்தது. விருந்துக்கு வருகிறவர்கள் செல்ஃபி எடுக்க வேண்டுமே! மண் போட்டு மூடியிருந்த கிணற்றின் வாயை மனிதர் அவரே தோண்டித் திறந்து, சுற்றிலும் கம்பி போட்டு, பூ அலங்காரம் வேறு செய்திருந்தார்.

“அம்புட்டுதாண்ணே. பத்திரமா வைங்க, வந்து வாங்கிக்கிறேன்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. நானும் போயிருந்தேன். அது சும்மா விளம்பரம், பேப்பரில் வந்ததைப் பார்த்துப் போட்டது என்றார் பிளாட்காரர் தரப்பு வக்கீல். பேப்பரில் வந்ததைப் பார்த்துக் கிணறும் முளைத்துவிட்டதா என்று கேட்டார் அதிகாரி. நுணலும் தன் வாயால் கெடும். பிளாட்காரர் கெட்டது கிணற்றின் வாயால். பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அந்தக் கிணற்றிலிருந்து அளந்து வரும்படி சர்வேயருக்கு உத்தரவாகியிருக்கிறது. அதுவரை பிளாட் விற்கக் கூடாது.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். சர்வேயர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு, நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்க ஆள் இல்லை என்று பதில் வந்தது. மறுபடியும் முதலிலிருந்தா?

குழம்பின் செய்முறை கேட்டு இன்னமும் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு: முதலில் சொந்தமாக ஒரு வயல் வேண்டும்... அது இன்னும் செல்வி கைக்கு வரவில்லை.