அடுப்படிக்குப் பஸ் கைப்பிடி

பூட்டுப் பட்டறையில் முப்பது வருசம் சாவி ராவின மனுசன் தன் வீட்டில் எதைத்தான் பூட்டாமல் விடுவான்? மேட்டுப்பட்டி பாஸ்கல் தொண்ணூற்று நாலில் வீடு கட்டியபோது, அடுப்படி அலமாரிக் கதவு ஒன்பதுக்கும் ஒன்பது பூட்டுப் பதித்தார். கைப்பிடி என்ற பேச்சே கிடையாது. சாவியைப் போட்டுத் திருகி, அந்தச் சாவியையே பிடித்து இழுத்துத் திறக்க வேண்டியது. பூட்டாமல் விட்டால் கதவு தானாகத் திறந்து வந்து மண்டையில் இடிக்கும். "சீனி டப்பாவுக்குக் காவல் போட்ட வீடு ஊர்லயே இது ஒண்ணுதான்" என்று அவர் மனைவி செபாஸ்தியம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனாலும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வளைய வருவதில் அவளுக்கும் ஒரு மிடுக்கு இருக்கத்தான் செய்தது.

இரண்டாயிரத்து மூன்றில், தவக்காலம் தொடங்கிய வாரத்தில், அவளுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி, நாட்டு வைத்தியம், வேண்டுதல் என்று அலைந்ததில் கால் தேறி நடந்துவிட்டாள். வலது கை விரல்கள் மட்டும் மூடினது மூடினபடி நின்றுபோயின. இடது கையில் குண்டானைப் பிடித்தால் கதவைத் திறக்க அந்த மூடின கைதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு சாவியைத் திருகவா முடியும்? ஒரு டீ போடுவதற்கும் "இங்கேருங்க, செத்த வாங்க" என்று கூப்பிட வேண்டியிருந்தது. பிறகு கூப்பிடுவதையும் விட்டாள், அடுப்படிப் பக்கம் போவதையும் விட்டாள். பாஸ்கல் வைத்த ரசத்தைக் குறை சொல்லாமல் தின்றாள். அந்த ரசத்தைக் குறை சொல்லாமல் தின்கிறாள் என்றால் மனசு எவ்வளவு விட்டுப்போயிருக்க வேண்டும்.

நவம்பரில் பெங்களூரிலிருந்து மகள் டெய்சி போன் போட்டாள்.

"ஞாயித்துக்கெழம வாரேன்ப்பா. அம்மா தன்னால ஒரு காப்பி போட்டுக் குடுத்துட்டா நான் வாயத் தொறக்கல. இல்லையா, வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் என்கூடக் கெளம்புங்க. மூணு பேருக்கும் டிக்கெட்டு போட்டுட்டேன்."

பெற்ற மகள், கெட்டதுக்கா சொல்லுவாள்? ஆனாலும் பாஸ்கலுக்கு வீட்டைப் பூட்ட மனசு வரவில்லை. செபாஸ்தியம்மாள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அங்க போயி மூணாவது மாடியில சன்னலப் பாத்துக்கிட்டு ஒக்காரணும். அதுக்கு இங்கயே கண்ண மூடிரலாம்."

மறுநாளே திருப்புளியைக் கையில் எடுத்தார். தன் கையால் பதித்த ஒன்பது பூட்டையும் தானே கழற்றினார். ஓட்டைகளைப் பித்தளைத் தகடு வெட்டி மூடினார். கதவு தானாகத் திறக்காமலிருக்க உள்ளே காந்தம் வைத்தார். வெளியே பளபளவென்று ஒன்பது பித்தளைக் குமிழ் மாட்டிவிட்டு, "வந்து தொறந்து பாரு" என்று பெருமையோடு கூப்பிட்டார்.

அவள் மூடின கையைக் குமிழில் வைத்து இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள்.

"இன்னுங் கொஞ்சம் அழுத்திப் புடியேன். நீ மனசு வச்சாத்தான?" என்று பாஸ்கல் எரிந்து விழுந்தார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

நாக்குத் தடித்தவனுக்குச் சூடு சுரணை வர நேரமாகும் என்பார்கள். பாஸ்கலுக்குப் புதன்கிழமைதான் வந்தது. தன் வலது கையை முட்டியாக மடக்கித் துண்டால் இறுகச் சுற்றி, பல்லால் முடிச்சுப் போட்டார். இடது கையில் குண்டானை எடுத்துக்கொண்டு குமிழை இழுத்தார். வரவில்லை. பக்கவாட்டில் நெம்பினார். வரவில்லை. குண்டான்தான் கீழே விழுந்து உருண்டது. எட்டு மாசம் பக்கத்திலேயே இருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

சுற்றின துண்டோடே முத்துச்சாமியின் ஹார்டுவேர் கடைக்குப் போனார்.

"என்னண்ணே, கையில அடியா?" என்றார் முத்துச்சாமி.

"அடியெல்லாம் இல்லப்பா. இந்தக் கை உள்ள போற மாதிரி ஒரு கைப்பிடி எடு."

கடையில் இருந்த அம்புட்டுக் கைப்பிடியும் மேசைக்கு வந்தது. ஒன்றிலும் மடக்கின கை நுழையவில்லை. கடைசியில் முத்துச்சாமி பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார்.

"இது பஸ்ஸுல ஏறுறவுக புடிக்கிற கைப்பிடிண்ணே. ஒருத்தர் சொல்லிவச்சுட்டு வாங்காமப் போயிட்டாரு. அடுப்படிக்கு நல்லாருக்காது."

பாஸ்கல் கையை நுழைத்தார். மணிக்கட்டு வரை தாராளமாகப் போயிற்று.

"நல்லாருக்க வேணாம்ப்பா. தொறந்தாப் போதும்."

இந்தத் தடவை பாஸ்கல் தன் இஷ்டத்துக்கு ஆணி அடிக்கவில்லை. ஒவ்வொரு கதவின் முன்னாலும் அவளை நிற்கவைத்து, கை தானாக எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டுத்தான் துளை போட்டார். "இன்னும் ஒரு விரக்கட கீழ" என்று அவளும் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பதும் ஏறிவிட்டது.

ஞாயிறு காலை டெய்சி வந்தாள். அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னப்பா இது, அடுப்படியா பஸ் ஸ்டாண்டா?"

"நீ போயி ஒக்காரு" என்றாள் செபாஸ்தியம்மாள்.

உள்ளே ஒரு கதவு திறந்தது. காந்தத்தில் ஒட்டி மூடியது. இன்னொன்று திறந்தது. பாஸ்கல் வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் உதவக் கால் பரபரத்தது. அடக்கிக்கொண்டார்.

இடது கையில் டம்ளரோடு வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டெய்சி ஊதி ஊதி முழுக்கக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சாயங்காலம் போயி ரெண்டு டிக்கெட்ட கேன்சல் பண்ணிர்றேன்ப்பா."

அப்பாடா என்றிருந்தது பாஸ்கலுக்கு. எட்டு மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்துபோன மாதிரி இருந்தது. துண்டில் முகத்தைப் புதைத்து அழுதேவிட்டார்.

செபாஸ்தியம்மாள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. மகளிடம், "மத்தியானம் இருந்து சாப்புட்டுத்தான் போகணும். மீன்கொழம்பு வைக்கிறேன்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்து எட்டு மாசமாகியிருந்தது. பாஸ்கல் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீன் வாங்கக் கூடையை எடுத்தார்.