மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் ஆக்ஸில்

நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறவன். பேய், பிசாசு, திருஷ்டி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரித்தே இருப்பேன். இதைச் சொல்வதில் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

மலையாள நாட்டுக் கரமனையில், எங்கள் அக்ரஹாரத் தெருவில் யார் வண்டியில் சத்தம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரத்தில் டக் டக் என்றால் சக்கரத்தைச் சுற்றவைக்கிற தண்டின் மூட்டு, அதாவது ஆக்ஸில் ஜாயின்ட், ஹூம் என்று இரைந்தால் பேரிங் என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டு வருவேன். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போன வருஷம் மலைப்பக்கத்து ஊரான வித்துராவில் ஒரு பழைய கார் வாங்கினேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் இறந்துபோய், எடுக்க ஆளில்லாமல் நின்ற வண்டி. திருப்பத்தில் அவர் வண்டி திரும்பும் சத்தம் கேட்டாலே சாயாவுக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன் என்று அவர் மனைவி மலையாளத்தில் சொன்னார். அவர்களுக்கு டீதான் சாயா. நான் சும்மா தலையாட்டினேன். ஓட்டிப் பார்த்தபோது வண்டியில் ஒரு சத்தமும் இல்லை.

கிழக்கேகோட்டைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வண்டியைக் கொண்டுவரும்படி என் மனைவி ஜானகி போனில் சொன்னாள். புதிதாக வண்டி வாங்கினால் இங்கே எல்லாரும் செய்வதுதான். "எஞ்சினுக்கு ஆயில் போறும், தேங்காய் வேண்டாம்" என்று கேலி பண்ணிவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜானகி கடைக்குப் போய்விட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் இடது பக்கம் திரும்பும்போது டக் டக் டக். வாசலில் பாதித் தெரு நின்றிருந்தது.

"எங்கே கொண்டு இடிச்சே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"இடிக்கலைன்னா. சத்யமா எங்கேயும் இடிக்கலை."

"பின்னே ஆக்ஸில் தானாவே போச்சாக்கும்?"

அவள் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை, நல்ல வெளிச்சத்தில், வாசலிலேயே வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினேன். இடது பக்கம் திரும்பினால் வெளிப்பக்கம் சுற்றுகிற வலது சக்கரத்தில்தான் பாரம் விழும், அதனால் வலது ஆக்ஸிலைக் கழற்றினேன். ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழியவில்லை. கிரீஸ் சுத்தமாக இருந்தது. உள்ளே குண்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. என் படிப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. ஜாயின்ட்டை மறுபடி பூட்டி, ஆக்ஸிலை வண்டியில் மாட்டாமல் எனக்குப் பின்னால் ஒரு சாக்கின்மேல் வைத்தேன். சத்தம் வேறெங்கிருந்தாவது வருகிறதா என்று பார்க்க, அடுத்த வீட்டு கணேசனை வண்டிக்குள் உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிக்கச் சொன்னேன்.

டக் டக் டக்.

சத்தம் சக்கரத்தில் இல்லை. என் முதுகுக்குப் பின்னால், சாக்கின்மேல் இருந்து வந்தது. வலது பக்கம் ஒடிக்கச் சொன்னேன், ஒன்றுமில்லை. மறுபடி இடது பக்கம், மறுபடி டக் டக் டக். இரும்புத் தண்டு அசையாமல் கிடந்தது, அதைத் தொட ஆளில்லை. கணேசன் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தான். ஜானகி நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"வெயில்ல இரும்பு விரியறது, அந்தச் சத்தம்தான்" என்றேன்.

சாக்கு கிடந்தது நிழலில்.

"நமக்கெதுக்கு மாமா, புதுசு மாட்டிடுங்கோ" என்றான் கணேசன். மாட்டினேன். அன்றோடு வண்டியில் சத்தம் நின்றது. பழையதை மாடிப்படிக்கு அடியில் போட்டேன். பழைய இரும்பு எடுக்கிற ஆக்ரிக்காரர் தெருவில் கூவிக்கொண்டு போகும்போதெல்லாம் எடுத்துப் போட நினைப்பேன், கை வராது.

சொன்னால் மானம் போகும், ஆனாலும் சொல்கிறேன். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் மாஸ்க் போட்டுக்கொண்டு கிழக்கேகோட்டைக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். திரும்பினால் என் மாணவன் ஒருவன் நிற்கிறான். "சாரே, புதிய வண்டியாணோ?" என்று கேட்டான். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

"நீங்க தெருமுனை திரும்பறச்சேயே படிக்கு அடியில அந்த டக் டக் கேக்கறது" என்று ஜானகி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். நான் உள்ளே நுழையும்போது காப்பி தயாராக இருப்பது அதனால்தானாம்.

தெருவில் அதை இன்னும் ஜானகி இடித்த வண்டி என்றுதான் சொல்கிறார்கள். நான் திருத்தவில்லை. திருத்தினால், பின்னே சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டு, அவள் தலையில் அந்தப் பழியை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். அவளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வண்டி வாசலில் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது. படிக்கு அடியில் டக் டக் டக். ஜானகி என்னைப் பார்க்காமல் எழுந்து அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஏலக்காய் வாசனையோடு ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வாசல் பக்கத்து மேஜைமேல் வைத்தாள்.

சாயா. எங்கள் வீட்டில் யாரும் சாயா குடிப்பதில்லை. வித்துராவில் அந்த அம்மா சாயாவைப் பற்றிச் சொன்னதை நான் அவளிடம் சொன்னதும் இல்லை.